குகை வாசலில் கட்டிவிட்டு வந்த குதிரை

போன இதழில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் வரும் ஒரு விஸார்டின் (மந்திரவாதியின்) பூனையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விலங்குகளைப் பற்றித்தான், அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு. ஒருவர் டன்ஜன் மாஸ்டராக, சுருக்கமாக டி.எம். ஆக இருந்து கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக ஆடுவார்கள், நடக்குமா நடக்காதா என்பதை 20 முகப் பகடை சொல்லும். உங்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகம் என்பதால் அந்த விதிகளையே எடுத்துக்கொள்கிறேன். 2024 புத்தகத்தில் மாறியிருந்தால் அங்கங்கே சொல்கிறேன்.

கே: கல்லூரி நண்பர்களோடு ஆட ஆரம்பித்து இரண்டு வாரம்தான் ஆகிறது. என் கேரக்டர் முதல் லெவல் விஸார்ட். ஃபைண்ட் ஃபெமிலியர் (துணை விலங்கை அழைக்கும் மந்திரம்) ஸ்பெல்லில் பூனை வேண்டும் என்றேன். பூனை வேஸ்ட், ஆந்தையை எடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்? (வாசகி, கோவை)

பூனையையே எடுங்கள். ஆந்தையை எடு என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆந்தை ஒரு டர்னில் (தன் முறை வரும்போது) 60 அடி பறக்கும், இருட்டில் 120 அடி வரை பார்க்கும், எதிரியின் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பும்போது அவன் அதை அடிக்க வாய்ப்புக் கிடைக்காது. சண்டைக்கு அதைவிட நல்ல ஃபெமிலியர் அந்தப் பட்டியலில் கிடையாது. பூனைக்கு 2014 புத்தகத்தில் இருட்டில் பார்க்கும் திறன்கூட எழுதப்படவில்லை (உங்கள் டி.எம்.மிடம் கேளுங்கள், பெரும்பாலான டி.எம்.கள் கொடுத்துவிடுவார்கள், நானும் கொடுத்திருக்கிறேன்).

ஆனால் ஊருக்குள் ஆந்தை பறந்தால் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். பூனை நடந்தால் யார் பார்க்கிறார்கள்? என் மேசையில் ஒரு விஸார்ட் தன் பூனையைச் சத்திரத்துக் கூடத்துக்கு அனுப்பினான், மேசைக்கடியில் படுத்துக்கொண்டு இரண்டு வியாபாரிகள் பேசுவதைக் கேட்க. இவன் மாடியறையில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். 100 அடிக்குள் இருக்கும்வரை ஒரு ஆக்‌ஷன் (ஒரு டர்னில் செய்யக்கூடிய முக்கியச் செயல்) செலவழித்தால் அதன் கண்ணாலும் காதாலும் பார்க்கலாம், கேட்கலாம். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் சொந்தக் கண்ணும் காதும் வேலை செய்யாது. கூடத்தில் பேச்சு சூடுபிடிக்கிறது, இவன் ஒவ்வொரு டர்னும் “இன்னும் கேட்கிறேன், இன்னும் கேட்கிறேன்” என்கிறான். மாடியில் அறைக் கதவு திறந்து ஒரு திருடன் உள்ளே வந்து பையை எடுத்துக்கொண்டு போனது அவனுக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கு முழு இரவும் அந்தத் திருடனைத் துரத்துவதிலேயே போனது, இன்றுவரை எங்கள் குழுவில் அதைப் பற்றிப் பேசுகிறோம். (2024 புத்தகத்தில் பார்ப்பதற்கு போனஸ் ஆக்‌ஷன், அதாவது கூடுதலான ஒரு சின்னச் செயல், போதும்.)

இன்னொன்று, இது வளர்ப்புப் பூனை கிடையாது. பூனை உருவத்தில் வந்த ஒரு ஆவி. செத்தால் உடல் மிஞ்சாது, மறைந்துபோகும், மறுபடி அழைத்துக்கொள்ளலாம். ஏற்கனவே இருக்கும்போதே ஸ்பெல்லைத் திரும்பச் செய்தால் அதே ஆவி வேறு உருவம் எடுக்கும். அதனால் ஊரில் பூனை, காட்டுக்குப் போகுமுன் ஆந்தை என்று மாற்றிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் 10 பொற்காசுக்கு கரியும் சாம்பிராணியும் மூலிகையும் எரிக்க வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். உருவம் மாறினாலும் குணம் மாறாதே, ஆந்தையாக இருக்கும்போதும் அது உங்கள் பூனைதான். அப்படி ஆடிப் பாருங்கள்.

கே: நான் டி.எம். எங்கள் விஸார்டின் ஆந்தை ஒவ்வொரு ரவுண்டும் பறந்து வந்து எதிரியின் முகத்துக்கு நேரே சிறகடித்து ஹெல்ப் ஆக்‌ஷன் செய்கிறது, அடுத்து அடிக்கும் ரோக்குக்கு (பதுங்கி அடிப்பவர்) அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். எல்லா சண்டையும் இப்படியே போகிறது. ஆந்தையைத் தடை செய்துவிடலாமா? (வாசகர், சென்னை)

தடை வேண்டாம். அந்த விஸார்ட் விதியை ஏமாற்றவில்லை, நன்றாகப் படித்திருக்கிறார். முதலில் நீங்களும் அதே விதியை ஒருமுறை சரியாகப் பாருங்கள். ஹெல்ப் கொடுத்தால் ஆந்தையின் அடுத்த டர்னுக்கு முன்னால் அந்த எதிரி மேல் விழும் முதல் அடிக்கு மட்டும்தான் அட்வான்டேஜ். ஃபெமிலியருக்குத் தனி இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் எப்போது ஆடுவது என்ற வரிசை) உண்டு, அது விஸார்டின் டர்னில் ஆடாது. வரிசையில் ஆந்தைக்கு அடுத்து ஃபைட்டர் வந்தால் அந்த அட்வான்டேஜை அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார், ரோக்குக்கு மிஞ்சாது. நிறைய மேசைகளில் இந்தத் தனி இனிஷியேட்டிவை யாரும் போடுவதே இல்லை, தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடுத்தது, ஹெல்ப் செய்ய ஆந்தை எதிரிக்கு 5 அடிக்குள் வர வேண்டும். வந்துவிட்டுப் பறந்துபோகும்போது அடிக்க முடியாதுதான், ஆனால் ஒருவன் வில்லில் அம்பைப் பூட்டிக்கொண்டு “அந்தப் பறவை திரும்ப வந்தால் விடுவேன்” என்று தன் ஆக்‌ஷனைத் தயாராக வைத்துக்கொள்ளலாமே. ஆந்தைக்கு ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) 1, ஏ.சி. (அதை அடிக்கப் பகடையில் எட்ட வேண்டிய எண்) 11. நெருப்பு, புகை, இடி என்று இடம் முழுக்கப் பரவும் எந்த ஸ்பெல்லிலும் அது தப்பாது. விழுந்தால் திரும்ப அழைக்க ஒரு மணி நேரம், ஸ்லாட் (ஸ்பெல் செய்ய அளவோடு கிடைக்கும் வாய்ப்பு) செலவழிக்காமல் சடங்காகச் செய்தால் இன்னும் 10 நிமிடம். எதிரி நடமாடும் டன்ஜனுக்கு நடுவில் 70 நிமிடம் தூபம் போட்டுக்கொண்டு உட்கார யார் விடுவார்கள்?

அதற்காக நாளைக்கே எல்லா காப்ளின் பூதமும் ஆந்தையையே குறிவைக்க ஆரம்பித்தால் உங்கள் நண்பர் உடனே புரிந்துகொள்வார், அது கதையில் இருக்கும் எதிரி எடுத்த முடிவு இல்லை, நீங்கள் எடுத்த முடிவு என்று. பசியில் பாயும் கரடிக்கு ஆந்தை ஒரு பொருட்டே இல்லை. பத்து வருடம் கூலிப்படையில் இருந்த தலைவன் இரண்டாவது ரவுண்டில் கவனித்து “முதலில் அந்தப் பறவையை வீழ்த்து” என்று கத்துவான். யார் கவனிப்பார்கள், யார் கவனிக்க மாட்டார்கள் என்பதை எதிரியின் மண்டைக்குள் போய் யோசியுங்கள். விஸார்டும் அப்போது ஆந்தையை எப்போது அனுப்புவது, எப்போது தோளிலேயே வைத்துக்கொள்வது என்று யோசிக்க ஆரம்பிப்பார், சண்டை சுவாரசியமாகிவிடும்.

கே: ஃபெமிலியர் கடிக்கலாமா? (வாசகர், திருச்சி)

கூடாது. உங்களுடைய தொட்டுச் செய்யும் ஸ்பெல்லை 100 அடிக்குள் அது போய்த் தொட்டு முடிக்கலாம், அதற்கு அதன் ரியாக்‌ஷன் (அடுத்தவர் டர்னிலும் செய்யக்கூடிய எதிர்வினை) செலவாகும். வார்லாக்கில் (பெரிய சக்தி ஒன்றோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்றவர்) பேக்ட் ஆஃப் த செயின் என்ற தேர்வை எடுத்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, அவர்கள் தங்கள் அடி ஒன்றை விட்டுக்கொடுத்து இம்ப், குவாசிட் போன்ற குட்டிப் பிசாசை அடிக்க வைக்கலாம்.

கே: நாலு பேரும் சேர்ந்து ஆளுக்கு 75 பொற்காசு கொடுத்துக் குதிரை வாங்கினோம். குகை வாசலில் மரத்தில் கட்டிவிட்டு உள்ளே போனோம். மூன்று வாரம் ஆடி வெளியே வந்தால், ஓநாய்கள் தின்றுவிட்டன என்று டி.எம். ஒரே வரியில் சொல்லிவிட்டார். இது நியாயமா? (வாசகர், மதுரை)

இல்லை. குதிரை சாகலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. சவாரிக் குதிரைக்கு 13 ஹிட் பாயின்ட்தான், மூன்று ஓநாய்கள் இரண்டு ரவுண்டில் முடித்துவிடும். ஆனால் ஒரே வரியில், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல், நீங்கள் எதுவுமே செய்ய வழியில்லாமல் சாகக்கூடாது.

இதில் உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. மூன்று வாரத்தில் யாராவது ஒருவர் குதிரைகளைப் பற்றிக் கேட்டீர்களா? தண்ணீர் வைத்தோம், கயிற்றை நீளமாக விட்டோம், இரவுக்கு ஒருவர் வெளியே வந்து பார்த்தோம் என்று சொன்னீர்களா? பெரும்பாலான குழுக்களில் குதிரை என்பது கேரக்டர் ஷீட்டில் எழுதிய ஒரு வரி, வாங்கிய அன்று எழுதியதோடு சரி. வாங்கினால் அதை வைத்துக்கொள்ளவும் வேண்டும். நாளொன்றுக்குத் தீவனம் 5 செப்புக்காசு, லாயத்தில் விட்டால் 5 வெள்ளிக்காசு. குதிரைகளோடு வெளியே தங்க ஒரு கூலியாள் வைத்தால் ஒரு நாளைக்கு 2 வெள்ளிதான். 300 பொற்காசு கொடுத்து வாங்கிய குதிரைகளுக்கு அது பெரிய செலவா?

உங்கள் டி.எம்.முக்கு நான் சொல்ல நினைப்பது: வாசலில் வைத்தே “குதிரைகளை என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள். வழியில் ஓநாயின் காலடித் தடத்தைக் காட்டியிருந்தால் அவர்கள் முடிவெடுக்க ஒரு வாய்ப்பு வந்திருக்கும். வெளியே வரும்போது அறுந்த கயிறு, ஒரு குதிரையின் எலும்பு, காட்டுக்குள் ஓடிய மூன்று குதிரைகளின் குளம்புத் தடம் என்று காட்டியிருந்தால், அடுத்த வார ஆட்டம் அங்கேயே தயாராக இருந்திருக்கும்.

என் மேசையில் முதல் லெவலில் 8 பொற்காசுக்கு ஒரு கோவேறு கழுதை வாங்கினார்கள். 420 பவுண்டு சுமக்கும், சாமான் தூக்கத்தான் வாங்கினார்கள். ஒரு நாள் பள்ளத்தாக்கில் கயிற்றுப் பாலம். கழுதை காலை வைக்கவில்லை. ஒருத்தர் இழுத்தார், ஒருத்தர் பின்னாலிருந்து தள்ளினார், இரண்டு தடவையும் பகடை கைவிட்டது. அப்புறம் ஃபைட்டராக ஆடிய பெண் தன் மேலங்கியைக் கழற்றி அதன் கண்ணை மூடிக் கட்டினாள், காதோரம் ஏதோ பேசிக்கொண்டே ஒவ்வொரு பலகையாக நடத்திக் கூட்டிப் போனாள். அனிமல் ஹேண்ட்லிங் (விலங்கைப் பழக்கும் திறன்) பகடைக்கு அட்வான்டேஜ் கொடுத்தேன். நடுப்பாலத்தில் ஒரு பலகை உடைந்தது என்று நான் சொன்னபோது மேசையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்தக் கழுதை ஒன்பதாம் லெவல் வரை அவர்களோடு வந்தது. டிராகனோடு சண்டை போட்டதைக்கூட அவர்களில் சிலர் மறந்துவிட்டார்கள்.

கே: குதிரையில் போனால் ஒரு நாளில் இரண்டு மடங்கு தூரம் போகலாமா? (வாசகர், சேலம்)

2014 விதிப்படி போக முடியாது. நடந்தாலும் குதிரையில் போனாலும் சாதாரண வேகத்தில் நாளுக்கு 24 மைல்தான். ஒரு மணி நேரம் நாலுகால் பாய்ச்சலில் விட்டால் அந்த நேரத்துக்கு மட்டும் இரண்டு மடங்கு. வழியில் குதிரை மாற்றிக்கொள்ளும் இடம் இருந்தால்தான் நாள் முழுக்க அப்படிப் போக முடியும்.

கே: என் கேரக்டர் ஹாஃப்லிங் (குள்ள இனத்தவர்). மாஸ்டிஃப் நாய் மேல் ஏறிச் சண்டை போடுகிறேன். நாய் கடிக்கக்கூடாது என்கிறார் டி.எம். பெரிய நாயை வைத்துக்கொண்டு கடிக்கவும் கூடாதென்றால் எதற்கு நாய்? (வாசகர், யாழ்ப்பாணம்)

உங்கள் டி.எம். சொல்வது ஒரு பாதி சரி. மேலே ஏறியதும் நீங்கள் ஒரு தேர்வு செய்கிறீர்கள். நாயை நீங்களே ஓட்டினால் அதன் இனிஷியேட்டிவ் உங்களுடையதோடு சேர்ந்துவிடும், நீங்கள் சொன்ன இடத்துக்குப் போகும், ஆனால் டேஷ் (வேகமாக ஓடுவது), டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகுவது), டாட்ஜ் (அடியைத் தவிர்ப்பது) மூன்றில் ஒன்றுதான் செய்யும். அதன் போக்கில் விட்டுவிட்டால் அதற்குத் தனி இனிஷியேட்டிவ், தனி டர்ன், கடிக்கவும் செய்யும். ஆனால் எங்கே போவது, யாரைக் கடிப்பது, எப்போது பயந்து ஓடுவது எல்லாம் அதன் இஷ்டம், அதாவது டி.எம்.மின் கையில்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஓட்டுவதைத்தான் எடுத்துக்கொள்வேன். நாய் டிஸ்எங்கேஜ் செய்துகொண்டே ஓடினால் நீங்கள் 20 அடி உள்ளே போய், ஒரு அடி கொடுத்து, 20 அடி வெளியே வந்துவிடலாம், அந்த நகர்வுக்காக யாரும் திருப்பி அடிக்க முடியாது. கடியைவிட இது பெரிய லாபம். அதோடு நாயின் உயிரும் தப்பும், அதற்கு 5 ஹிட் பாயின்ட்தான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். நாலாம் லெவலில் மவுன்டட் காம்பாட்டன்ட் ஃபீட் (கூடுதல் திறமை) எடுங்கள், நாயைக் குறிவைக்கும் அடியை உங்கள் மேல் வாங்கிக்கொள்ளலாம்.

உங்களுக்கு இன்னொரு நல்ல செய்தி: குதிரைக்காரர்கள் குறுகலான சுரங்கத்துக்குள் வர முடியாமல் தவிப்பார்கள், குதிரைக்கு மேப்பில் 10 அடிக்குப் 10 அடி இடம் வேண்டும். 5 அடி வழியில் நெருக்கிக்கொண்டு போனால் வேகம் பாதியாகும், அடிப்பதும் கடினமாகும், அடி வாங்குவது மட்டும் சுலபமாகிவிடும். உங்கள் நாய் எல்லா இடத்துக்கும் வரும்.

கே: மூன்றாம் லெவல் ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரர்), அதில் பீஸ்ட் மாஸ்டர் (துணை விலங்கோடு சண்டையிடும் பிரிவு). ஓநாய் வைத்திருக்கிறேன். அது கடிக்க வேண்டுமென்றால் நான் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. நான் அம்பு விட்டால் அது சும்மா நிற்கிறது. வெறுத்துப்போய்விட்டது. (வாசகி, சிங்கப்பூர்)

இந்தக் கோபம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 2014 பீஸ்ட் மாஸ்டர் மேல் உலகம் முழுக்க ஆடுபவர்களுக்கு இருந்த பெரிய குறை இதுதான். ஓநாய் அடிக்க உங்கள் ஆக்‌ஷனைக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் லெவலில்தான் அதோடு சேர்த்து நீங்களும் ஒரு அடி அடிக்கலாம். மூன்றாம் லெவலில் அதன் ஹிட் பாயின்ட் 12, ஒரு ஓக்ரே அரக்கன் கதாயுதத்தைச் சரியாக வீசினால் போதும்.

2020-ல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புத்தகத்தில் இதைத் திருத்திவிட்டார்கள். பிரைமல் கம்பேனியன் என்று பெயர், நிலம், நீர், வானம் என மூன்று வகை. கட்டளையிட போனஸ் ஆக்‌ஷன் போதும், உங்கள் ஆக்‌ஷன் உங்கள் கையிலேயே இருக்கும். மூன்றாம் லெவலில் நிலத்து விலங்குக்கு 20 ஹிட் பாயின்ட். செத்தால் ஒரு மணி நேரத்துக்குள் தொட்டு ஒரு ஸ்பெல் ஸ்லாட்டைச் செலவழித்தால் ஒரு நிமிடத்தில் முழு உயிரோடு எழுந்துவிடும். 2024 புத்தகத்திலும் இந்த முறையே வந்திருக்கிறது. உங்கள் டி.எம்.மிடம் இந்தப் பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். ஓநாயின் பெயர், அது வந்த கதை, காதில் இருக்கும் வெட்டு எதையும் மாற்ற வேண்டியதில்லை, அடியில் இருக்கும் எண்களை மட்டும் மாற்றுங்கள்.

அதுவரை ஒன்று செய்யலாம். கட்டளையிட்டுக் கடிக்க வைக்காவிட்டாலும் அது நகர்வதற்கு உங்கள் ஆக்‌ஷன் தேவையில்லை. எதிரி தப்பி ஓடும் வழியில் அதை நிறுத்திவையுங்கள், அவன் விலகினால் அது தானாகவே ரியாக்‌ஷனில் கடிக்கும்.

கே: விலங்குக்காக யார் பேச வேண்டும், டி.எம்.மா, வைத்திருப்பவரா? (வாசகி, புதுச்சேரி)

சண்டையில் நகர்த்துவதும் பகடை உருட்டுவதும் வைத்திருப்பவர் செய்யட்டும், டி.எம்.முக்கு ஏற்கனவே கை நிறைய வேலை. ஆனால் சில இடங்களில் டி.எம். வாங்கிக்கொள்வது நல்லது. இருட்டில் நாய் திடீரென்று உறுமுகிறது, பழைய எஜமானனைப் பார்த்ததும் குதிரை காதை நிமிர்த்துகிறது, இதையெல்லாம் வைத்திருப்பவரே சொன்னால் அவருக்கே அதில் ஆச்சரியம் இருக்காதே. எங்கள் மேசையில் விலங்குக்கு ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறோம்: பெயர், பிடித்தது ஒன்று, பயப்படுவது ஒன்று. பயப்படுவதை டி.எம். எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒருவருக்கு இரண்டு விலங்குக்கு மேல் வேண்டாம், ஒரு டர்ன் முடிவதற்குள் மற்றவர்கள் போனை எடுத்துவிடுகிறார்கள்.

கே: வீட்டில் என் இரண்டு பிள்ளைகளுக்கும் அக்கா பெண்ணுக்கும் நான்தான் டி.எம். அக்கா பெண்ணுக்கு 11 வயது, அவள் ரேஞ்சர். போன ஞாயிறு சண்டையில் அவளுடைய ஓநாய் 0 ஹிட் பாயின்ட்டுக்கு வந்துவிட்டது. செத்துவிட்டது என்று சொன்னேன். அழுதுவிட்டாள், சாப்பிடக்கூட வரவில்லை. திரும்பக் கொண்டுவரலாமா? கொண்டுவந்தால் இனி எதற்கும் பயமில்லாமல் போய்விடுமோ? (வாசகர், திண்டுக்கல்)

கொண்டுவாருங்கள். அவள் அழுதது நீங்கள் கதையை நன்றாக நடத்தியதால்தான்.

விதியிலேயே இதற்கு இடம் இருக்கிறது. 0-க்கு வந்ததும் விலங்கு உடனே செத்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரும்பாலான டி.எம்.கள் சாதாரண எதிரிகளுக்கு அப்படிச் செய்கிறார்கள், முக்கியமானவர்களைக் கேரக்டர்களைப் போல மயக்கத்தில் விழவைத்து டெத் சேவ் (பிழைப்பதா சாவதா என்று முடிவு செய்யும் பகடை) உருட்டவும் விடலாம். அந்த ஓநாய் உங்கள் கதையில் முக்கியமானவன்தானே. அடுத்த ஞாயிறு “நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், அதன் மூச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது” என்று நேராகச் சொல்லி ஆரம்பியுங்கள். சொன்னதை டி.எம். திருத்திக்கொள்வதில் தப்பே இல்லை. அப்புறம் அவளையே காப்பாற்றவிடுங்கள். 5 பொற்காசு மருத்துவப் பை ஒன்று யாரிடமாவது இருந்தால் பகடையே வேண்டாம், நிலை தேறிவிடும். இல்லாவிட்டால் மெடிசின் பகடையை அவள் உருட்டட்டும், மற்ற இரண்டு பிள்ளைகள் எதிரியைத் தடுக்கட்டும்.

பயம் போய்விடும் என்று கவலைப்படாதீர்கள். முதல் பதிப்பு அட்வான்ஸ்டு விதிகளில் ஃபெமிலியர் செத்தால் அதன் ஹிட் பாயின்ட்டைப் போல இரண்டு மடங்கை மந்திரவாதி நிரந்தரமாக இழக்க வேண்டும். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அனுபவப் புள்ளிகள் குறையும். விளைவு என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? ஃபெமிலியரைப் பையை விட்டு வெளியே எடுக்கவே ஆளுக்குத் தைரியம் வராது. ஐந்தாம் பதிப்பில் அந்தத் தண்டனை கிடையாது, அப்படியும் ஆந்தை விழும்போது மேசையில் “ஐயோ” என்று ஒரு சத்தம் எழத்தான் செய்கிறது. உங்கள் அக்கா பெண் ஒரு முறை அந்த ஓநாயை இழந்துவிட்டாள், இனி அதை முன்னால் அனுப்பும்போதெல்லாம் அவள் கை ஒரு நொடி நிற்கும்.

இன்னும் ஒன்று. எந்த விலங்கு கதையில் சாகலாம், எது சாகக்கூடாது என்று ஆரம்பிக்கும் முன்னாலேயே மூன்று பேரிடமும் கேட்டுவிடுங்கள், பிள்ளைகள் தெளிவாகப் பதில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து உட்காரும்போது ஓநாயின் மினியேச்சர் மேப்பில், போன வாரம் விழுந்த அதே கட்டத்தில், படுத்த நிலையில் இருக்கட்டும். மற்றதை நீங்கள் பேச ஆரம்பிக்கும் முன்பே அவள் கேட்டுவிடுவாள்.